பெரியவனா, நடுவனா?

எங்கள் காரை ஒரு மான் கொன்றுவிட்டது. மானுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுந்து நின்று, உடம்பை உதறிவிட்டு, காய்ந்த சூரியகாந்தித் தட்டைகளுக்குள் நடந்து போய்விட்டது. கார்தான் மறுபடி எழவில்லை. ஓட்டியவன் என் கணவன் ஆர்விட். "எங்கிருந்தோ பாஞ்சிடுச்சு மார்லிஸ்" என்றான். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மான் எங்கிருந்தும் பாயவில்லை. விருந்துக்கு அழைத்தது போல நடுச்சாலையில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அதைச் சொன்னால், "நீ பின்னல் ஊசியப் பாத்துக்கிட்டிருந்த, உனக்கென்ன தெரியும்?" என்றான். முப்பத்து நான்கு வருடமாக ஒருவனோடு குடித்தனம் நடத்துகிறவள் இதற்கெல்லாம் சண்டை பிடித்தால் சமைக்க நேரம் இருக்காது. விட்டுவிட்டேன்.

அது நவம்பர் மாதம். பிப்ரவரி முடிவதற்குள் பின்னால் திறந்த தொட்டி வைத்த எங்கள் பழைய பிக்கப் வண்டியும் இருமி இருமி ஓய்ந்தது. மாடுகளை விற்று இரண்டு வருடமாகிறது, நிலத்தையும் குத்தகைக்கு விட்டாயிற்று. இனி இரண்டு பேருக்கும் ஒரே வண்டி என்று முடிவானது. அதில் எங்களுக்குள் வழக்கு இல்லை. அது பிக்கப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதிலும் வழக்கு இல்லை. வடக்கு டகோட்டாவில், எங்கள் பக்கத்தில், வாசலில் பிக்கப் நிற்காத வீட்டுக்கு ஜனங்கள் சாப்பாட்டுத் தட்டோடு துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். பெரியதா, நடுத்தரமா என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

என் உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. பழைய பிக்கப் பெரிய வகை. அதில் என் கால் மிதியை எட்டினால் கண் சாலையை எட்டாது; கண் சாலையை எட்டினால் கால் அந்தரத்தில் ஆடும். அதனால் கார் எனக்கு, பிக்கப் ஆர்விட்டுக்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. கார் போன நாளிலிருந்து நான் ஒரு பொட்டலம். ஆர்விட் போகும்போது போனேன், ஆர்விட் வரும்போது வந்தேன்.

இந்த நேரம் பார்த்து முப்பத்தெட்டு மைல் தள்ளியிருக்கும் ஹோல்மன் ஊர் தேவாலயத்திலிருந்து கேட்டனுப்பினார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கும் புதன்கிழமை பாடகர் பயிற்சிக்கும் ஆர்கன் வாசிக்க ஆள் வேண்டுமாம். எங்கள் ஊர் தேவாலயத்தை மூடியதிலிருந்து நான் சாப்பாட்டு மேசையின் விளிம்பில்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கை பரபரத்தது. வருகிற ஞாயிற்றுக்குள் பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டேன். வண்டியை நானே ஓட்ட முடிந்தால் சரி என்பேன். முடியாவிட்டால் இல்லை. ஆர்விட் கொண்டுபோய் விடுவான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறுபது வயதில் வேலைக்குப் போக, கோட்டை மாட்டிக்கொண்டு, 'எப்போது கிளம்புவாய்?' என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்து நிற்க எனக்கு மனசில்லை.

ஆர்விட்டுக்குப் பெரிய வண்டிதான் வேண்டும்.

"ஏன்?" என்றேன்.

"ஏதாவது இழுக்க வேண்டி வந்தா?"

"எதை இழுக்கப்போற?"

"ஏதாவது."

"மாடு இல்ல, வைக்கோல் இல்ல. கடைக்குப் போனா ரெண்டு மூட்டை உப்பும் ஒரு மூட்டை வம்பும் ஏத்திக்கிட்டு வர்ற. அதுக்கு எட்டு சிலிண்டரா? விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணாமா மனுஷா?"

அவன் காபியை உறிஞ்சினான். எங்கள் நார்வேக்கார வம்சத்தில் வாய்ச்சண்டையில் தோற்ற ஆண்கள் காபிதான் குடிப்பார்கள்.

மார்ச் முதல் வாரம் டாரெல் கடைக்குப் போனோம். டாரெல் இருபத்தைந்து வருடமாக எங்கள் ஊரில் வண்டி விற்கிறான். எஞ்சின், இழுவை, பின்தொட்டியின் நீளம் எல்லாவற்றையும் ஆர்விட்டிடம் விளக்கினான். என்னிடம் கடையின் பெயர் போட்ட நாட்காட்டியையும் ஒரு பேனாவையும் தந்தான். கடைசியில், "ரெண்டையும் கொண்டுபோங்க ஆர்விட். ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு, கைக்கு வர்றத வெச்சுக்கங்க" என்றான். பெரியதையும் நடுத்தரத்தையும் அவனே ஆள் வைத்து எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டும் வெள்ளை. மூத்த பிள்ளையையும் நடுப் பிள்ளையையும் போல நின்றதால் பெரியவன், நடுவன் என்று பெயர் வைத்தேன்.

நடுவன் என்னைச் சட்டென்று ஏற்றுக்கொண்டான். காலும் எட்டியது, கண்ணும் எட்டியது. செவ்வாய்க்கிழமை தபால் நிலையம் வரை தனியாகப் போய்வந்தேன். எங்கள் பக்கத்தில் எதிர்வண்டி வந்தால், ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார். இந்தப் பக்கம் ஓட்டுகிறவரும் பதிலுக்குத் தூக்குவார். தெரிந்தவரா தெரியாதவரா என்று பார்ப்பதில்லை. ஓட்டுகிறவர்களுக்குள்தான் அந்த மரியாதை. பக்கத்தில் இருப்பவள் கல்யாணத்துக்கே போகிறவளானாலும் அவளுக்கு விரல் கிடையாது. இங்கே ஸ்டியரிங் இடப்பக்கம்; நவம்பரிலிருந்து நான்கு மாதம் வலப்பக்கம் உட்கார்ந்து ஆர்விட்டின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தபால் நிலையம் போகும் வழியில் ஒருவர்கூட எதிரே வரவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

பெரியவனை ஆர்விட் கொண்டாடினான். கொட்டகைக்குள் விட்டால் வால் ஒரு முழம் வெளியே நின்றது. "சுவத்துப் பலகையக் கழட்டிட்டா சரியாப் போயிடும்" என்றான்.

வியாழக்கிழமை காலை பெரியவனை எடுத்துக்கொண்டு பெவ் நடத்தும் காபிக் கடைக்குப் போனான். அன்று குளிர் பூஜ்யத்துக்குப் பத்துப் பாகை கீழே. அந்தக் குளிரில் இங்கே யாரும் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். சாவியை வண்டிக்குள்ளேயே போட்டு, ஹீட்டரை ஓடவிட்டு, கதவைப் பூட்டாமல் உள்ளே போய்க் காபி குடிப்பார்கள். திருட்டுப் பயம் கிடையாது. திருடினால் எங்கே கொண்டுபோவான்? சாயங்காலம் அவனும் அதே கடைக்குத்தானே வர வேண்டும்?

பதினொரு மணிக்குத் திரும்பி வந்தான். வாசலில் நின்று ஹாரன் அடித்தான். நான் சமையலறை ஜன்னலைத் திறந்தேன்.

"வெளிய வா மார்லிஸ்! எஞ்சின் சத்தமே கேக்கல பாரு. தேவாலயத்துக்குள்ள உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு!"

"ஆர்விட்" என்றேன். "யார் வண்டி அது?"

"யாருது? நம்ம வண்டிதான். ஆகப்போற வண்டி."

"அப்புறம் ஏன் கதவுல ஆர்லின் ஸ்கோகனோட காளை நிக்குது?"

ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவில், சட்டி அகலத்துக்கு ஒவ்வொரு எழுத்தாக 'ஸ்கோகன் மாட்டுப் பண்ணை' என்று எழுதியிருந்தது. மேலே, கொம்பில்லாத கறுப்புக் காளை ஒன்று வரைந்திருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், அந்தக் காளையை மறைக்க முடியாது. ஆர்விட் இறங்கி, கதவைச் சாத்தி, கிட்டத்தில் குனிந்து பார்த்தான். அப்போது வண்டிக்குள்ளிருந்து 'ம்ம்மா' என்று ஒரு குரல் வந்தது.

எனக்கும் தூக்கிவாரிப்போட்டது. செருப்போடு பனியில் ஓடினேன். பின்இருக்கைக்குக் கீழே பழைய கம்பளியை விலக்கிக்கொண்டு ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது. பிறந்து அரை நாள்கூட ஆகாத கன்று.

தொலைபேசி அடித்தது. பெவ்தான். பின்னால் கடையே சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னடி மார்லிஸ், உம் புருஷன் மாட்டுத் திருட்டுல எறங்கிட்டானாமே?"

ஆர்லின் போனைப் பிடுங்கிக்கொண்டான். ஆர்லின் எங்களுக்குப் பக்கத்துப் பண்ணைக்காரன், ஆர்விட்டோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒட்டிக்கொண்டவன். விடியற்காலையில் குளிரில் விறைத்துக் கிடந்த கன்றை அள்ளிப்போட்டுக்கொண்டு மாட்டு டாக்டரிடம் வந்தானாம். அவர் சீம்பால் புகட்டி, சூட்டில் வைத்துக் கொண்டுபோகச் சொன்னாராம். போகிற வழியில் ஒரே ஒரு வாய் காபி என்று இறங்கினானாம். அங்கே ஒரே ஒரு வாய் காபி குடித்தவன் எவனும் இல்லை.

"சீக்கிரம் கொண்டா மார்லிஸ். நேரமாச்சுன்னா தாய்க்காரி மோந்து பாத்துட்டுச் சேத்துக்க மாட்டா. டாரெலோட வண்டி இங்க சும்மா ஓடிக்கிட்டு நிக்குது. இந்த ஊர்ல வெள்ளை வண்டின்னா எல்லாமே ஒண்ணுதான், எவனுக்கும் வர்ற தப்புதான். ஆனா என் காளையக்கூடவாடா பாக்கலன்னு அவங்கிட்டக் கேளு!"

நானும் சிரித்துக்கொண்டுதான் போனை வைத்தேன். வாசலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. ஆர்விட் கதவிலிருந்த காளையின் மேல் கையுறையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

"பனி மூடியிருந்திருக்கும்" என்றான்.

கதவில் துளிப் பனி இல்லை. எனக்கு அந்த மான் ஞாபகம் வந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு ஹோல்மன் தேவாலயத்துக்குப் போனபோது சுவர்ப் பலகையில் இருந்த பாட்டு எண்ணை என்னிடம் கேட்டானே, அதுவும் ஞாபகம் வந்தது.

"நீயே ஓட்டு மார்லிஸ்" என்றான். "எனக்கு முழங்கால் வலிக்குது."

"இந்த யானையையா? நானா?"

"கன்னு பசியில கத்தப்போகுது."

உள்ளே போய் அலமாரியில் இருந்த தடிப் பாட்டுப் புத்தகங்கள் இரண்டை எடுத்து வந்தேன். இருக்கையில் வைத்து அதன்மேல் ஏறினேன். ஆர்லின் ஆறே கால் அடி உயரம். அவன் இருக்கையை முன்னே நகர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அது முனகிக்கொண்டே வந்து சேரும் வரை காத்திருந்தேன். ஆண்டவனையும் அவர் துதிகளையும் கீழே போட்டு உட்கார்ந்ததற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தேன்.

ஓடியது! எனக்கே நம்ப முடியவில்லை. மேலே இருந்து பார்த்தால் பள்ளத்துப் பனி, வேலிக்கம்பி, ரயில் பாதை எல்லாம் தெரிந்தது. ஒரு மைல் போனதும் முதுகை நிமிர்த்தினேன். இரண்டாவது மைலில் எதிரே ஒரு வண்டி வந்தது. ஓட்டியவர் ஆர்லினின் காளையைப் பார்த்து விரலைத் தூக்கினார். ஸ்டியரிங்குக்கு மேலே என் கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிவதைக் கண்டு அந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. நான் பதறிக்கொண்டு தூக்குவதற்குள், வலப்பக்கத்திலிருந்து ஆர்விட் தன் விரலைத் தூக்கிவிட்டான். பழக்கதோஷம்.

மூன்றாவது மைலில் அவனே பேசினான்.

"ரோடு தெரியுது மார்லிஸ். எழுத்துதான் தெரியல. பனியில வெயில் அடிச்சா எல்லாம் பால் ஊத்தினாப்ல இருக்கு."

"எப்பலேர்ந்து?"

"போன அறுப்புலேர்ந்து."

"அந்த மானப் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "முன்கண்ணாடி மேல வந்து விழுந்தப்புறம்."

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. கோபத்தைத்தான் முதலில் காட்டினேன். "மடையா! தெரியலன்னா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? கண்ணுல பொரை விழுந்திருக்கும். ஆர்லினுக்கு விழல? மைனாட் ஊர் டாக்டர் அரை மணி நேரத்துல எடுத்துட்டார். மறுநாள் அவன் ஈ மேல குறிவெச்சு அடிச்சான்!"

"சொன்னா சாவிய வாங்கிப்ப."

"வாங்கிக்கத்தான் செய்வேன்."

"அதான் சொல்லல" என்றான். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "பெரிய வண்டின்னா இரும்பு அதிகம். மறுபடி நான் எதிலயாவது முட்டினாலும் உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓட்டுகிறவளுக்கு அழ வசதியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாலையைப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடத்தில் அவன் என்னிடம் சொன்ன காதல் வார்த்தைகளில் இதுதான் நீளமானது. இதையும் இரும்பைப் பற்றித்தான் சொன்னான்.

கடை வாசலில் ஆர்லின், பெவ், காபிக் கூட்டம் எல்லோரும் வரவேற்புக்கு நின்றிருந்தார்கள். கன்றைப் பார்த்ததும் கைதட்டினார்கள்.

"அந்தக் காலமா இருந்தா மாட்டுத் திருடனுக்குத் தூக்குக் கயிறுதான்டா ஆர்விட்" என்றான் ஆர்லின். "இப்ப ஜனங்களுக்கு எளகின மனசு. எல்லாருக்கும் காபி வாங்கிக் குடுத்துட்டுப் போ." பிறகு என்னைப் பார்த்தான். "நீயா ஓட்டிட்டு வந்தே மார்லிஸ்? ஏன், இவனுக்கென்ன?"

"என் மொறை" என்றேன். "இந்த வாரம் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டிப் பாக்குறோம்."

ஆர்விட் எனக்கு நன்றி சொல்லவில்லை. வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்கப் போனான். அப்போதுதான் அதைக் கவனித்தேன். கதவின் கைப்பிடியைத் தொங்கலாகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டித் தரை எங்கே இருக்கிறது என்று துழாவினான். பனியில் தரையும் படியும் ஒரே வெள்ளை. முழங்கால் பொய் இல்லை, அதுவும் வலித்தது. இறங்கி முடிக்க வெகுநேரம் ஆனது. கை கொடுக்க யாரையும் கூப்பிட மாட்டான். செத்தாலும் கூப்பிட மாட்டான்.

அன்று சாயங்காலமே மைனாட் டாக்டருக்குப் போன் போட்டேன். மே மாதம் தேதி கிடைத்தது. சாவியை ஆர்விட்டே எடுத்து வந்து மேசையில், நான் வாசிக்கிற விளிம்பில், வைத்தான்.

"பெரியவனையே வாங்கிக்க மார்லிஸ்" என்றான். "நல்லாத்தான் ஓட்டுற. அதுமேல உக்காந்தா ராணி மாதிரி இருக்க. பாட்டுப் புஸ்தகம் வேணாம், நல்ல மெத்தையா வாங்கித் தர்றேன்."

"நேத்து வரைக்கும் ஒனக்காகக் கேட்ட. இன்னிக்கு எனக்காகக் கேக்குறியா?"

"வண்டி அதேதான்" என்றான் வெட்கத்தோடு.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசை வந்திருந்தது. ஒன்பது மைல் தூரம் அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து வந்தவளுக்கு வராமல் இருக்குமா? வெள்ளிக்கிழமை முழுக்க இரண்டு வண்டிகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமைத்துக்கொண்டே பார்த்தேன். நடுவே ஒரு தடவை, "தபால் பொட்டியில ஏதாவது இருக்கா பாரு, நடுவன்ல போலாம்" என்று ஆர்விட்டை அழைத்துப் போனேன். நான் இறங்கிச் சுற்றி வருவதற்குள் அவன் தானாகக் கதவைத் திறந்து, இறங்கி, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான்.

சனிக்கிழமை டாரெல் கடைக்குப் போனோம். நான் நடுவனை ஓட்டினேன். பெரியவனை ஆர்லின் ஓட்டி வந்தான், வேடிக்கை பார்க்க அவனுக்கும் ஒரு சாக்கு. டாரெல் கைகளைத் தேய்த்துக்கொண்டு வந்து, வழக்கம் போல என் தலைக்கு மேலாக ஆர்விட்டைப் பார்த்தான்.

"சொல்லுங்க ஆர்விட், எது? பெரிசுதானே? எனக்குத் தெரியும். பின்தொட்டி நீளமும் இழுவையும்..."

"என்னக் கேக்காத டாரெல்" என்றான் ஆர்விட். ஆர்லின் நிற்கிறான், கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள், அத்தனை பேருக்கும் கேட்கிற குரல். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ஓட்டப்போறவ அவ. அவளக் கேளு."

ஆர்லின் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடினான். டாரெலுக்கு என் முகம் எந்த உயரத்தில் இருக்கிறது என்றே பழக்கமில்லை. தேடிக் கண்டுபிடித்து, குரலைத் தாழ்த்தி, "எது வேணும் மார்லிஸ்?" என்றான்.

"நடுத்தரம்" என்றேன்.

ஆர்விட் திரும்பினான். "ஏன்? பெரியவன்..."

"கொட்டகைக்குள்ள வால் வெளிய நிக்குது. சுவத்துப் பலகையெல்லாம் கழட்ட முடியாது, என் ஊறுகாய் ஜாடி எங்க போகும்?"

அவன் என்னையே பார்த்தான். கண்புரை எவ்வளவு விழுந்திருந்தாலும் சில விஷயங்கள் அவனுக்குத் தெரிந்துவிடும். நடுவனின் தாழ்ந்த படியை ஒரு பார்வை பார்த்தான். பிறகு வாய்க்குள், "ஊறுகாய் ஜாடி" என்று சொல்லிக்கொண்டு, வண்டியைச் சுற்றிப் போய், வலப்பக்கக் கதவைத் தானே திறந்து ஏறி உட்கார்ந்தான்.

கையெழுத்துப் போட்டேன், டாரெல் கொடுத்த அதே பேனாவால். மறக்காமல் அவன் மேசையிலிருந்தே ஹோல்மனுக்குப் போன் போட்டு, நாளைக் காலை ஒன்பது மணிக்கெல்லாம் வந்துவிடுகிறேன், ஆர்கனைத் திறந்து வையுங்கள் என்று சொன்னேன்.

ஊரைத் தாண்டியதும் எதிரே ஒரு வெள்ளைப் பிக்கப் வந்தது. பெரியது. யாரென்று எனக்குத் தெரியாது. ஓட்டியவர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்கினார். வலப்பக்கம் ஆர்விட்டின் கை தொடையிலிருந்து எழுந்தது. பாதியில் நின்றது. அவன் அதை இன்னொரு கையால் பிடித்து, மடியில் இறக்கி வைத்துக்கொண்டான்.

நான் என் விரலைத் தூக்கினேன்.